மான்தோலில் ஒரு முடி

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. மீனாக்ஷி எனக்குச் சொன்னது. காஸ்ட்கோ கடையின் பார்க்கிங்கில் காரின் பின்கதவைத் திறந்துபோட்டு, பால் கேலனை உள்ளே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு சொன்னாள். சொல்லும்போதே சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். பின்னால் இடத்துக்காகக் காத்திருந்தவன் ஹாரன் அடித்தான், அவள் நகரவில்லை.

"நீ எழுதுடி ராமு. ஆனா பேரெல்லாம் மாத்திடு. அவர் கண்ணுல பட்டா அவ்வளவுதான்."

'அவர்' என்பது அவள் கணவர் சந்தானம். பெயர்களை மாற்றிவிட்டேன்.* மீனாக்ஷி மீனாக்ஷி இல்லை, சந்தானம் சந்தானம் இல்லை. ராமு மட்டும் நான்தான். முழுப்பெயர் ராமாத்தாள். கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம். வாரம் தவறாமல் கோழி தின்கிறவள். விலங்குகளுக்காகப் பரிந்து பேச எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், நானும் எழுத எழுத அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. நடுநடுவே சதுர அடைப்புக்குள் வருபவை எங்கள் தமிழ்ச் சங்க மலருக்குப் பிழை திருத்துபவர் எழுதிய குறிப்புகள். அச்சுக்குப் போகுமுன் அவற்றை நீக்கிவிட வேண்டும். நான் நீக்கவில்லை. காரணம் கடைசியில் தெரியும்.

* ஊரை மாற்றவில்லை. கலிபோர்னியாவின் சான் ரமோனில் இப்படி இருநூறு குடும்பமாவது இருக்கும், கண்டுபிடித்துக்கொள்ளுங்கள் பார்க்கலாம்.

2

மலர்க்குழு இந்த வருஷம் சுற்றுச்சூழல் சிறப்பிதழ் என்றது. விலங்கு ரோமத் தொழிலைப் பற்றி எழுதுகிறேன் என்று கையைத் தூக்கியது நான்தான். முதலில் எழுதிய தொடக்கம் இது:

"மிங்க் என்ற பிராணி நம்மூர்க் கீரிப்பிள்ளைக்குத் தூரத்துச் சொந்தம் போல இருக்கும். ஓடையில் நீந்தி வாழப் பிறந்தது. அதைக் கம்பிக்கூண்டில் அடைத்து வளர்த்து, குளிர்காலத்தில் ரோமம் அடர்ந்ததும் கொன்று உரித்துக் கோட்டு தைக்கிறார்கள். கொரோனா காலத்தில் டென்மார்க்கில் பண்ணை மிங்க்குகளை லட்சக்கணக்கில் கொன்று புதைத்தார்கள். புதைத்த உடல்களில் சில அழுகி ஊதி மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தன. இப்படிப்பட்ட தொழில் இன்னும் எத்தனை நாளைக்கு என்று கேட்டால்"

இந்த இடத்தில் முகிலன் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். முகிலன் என் கணவர்.

"ஏம்புள்ள, இது கதையா, பரீட்சைப் பேப்பரா?"

"கொஞ்சம் விவரம் வேணுமில்லீங்களா?"

"விவரம் வேணும்கறவன் கூகிள் பண்ணிக்குவான். நீ அந்தப் புள்ள அடுப்புல காட்டுனதைச் சொல்லு."

[மேற்கோளின் கடைசி வாக்கியம் முடியவில்லை. முடிக்கவும். – பி.தி.]

முடிக்க மாட்டேன். எனக்கும் பதில் தெரியாது.

3

அந்தப் புள்ள அனன்யா. மீனாக்ஷியின் மூத்தவள், ஹைஸ்கூல் கடைசி வருஷம். அவளை எப்படி எழுதுவது என்று ஒரு வாரம் திண்டாடினேன். 'அமெரிக்காவில் பிறந்த, பால்கூடக் குடிக்காத, கோபக்காரப் பெண்' என்று எழுதினால் போதும், வாசகர் மீதியைத் தாமாகவே நிரப்பிக்கொள்வார். ஆனால் அது அனன்யா இல்லை. சந்தேகமாக இருந்ததால் அவளிடமே கேட்டேன். 'உன்னை வைத்து ஒரு கதை எழுதட்டுமா?'

"ஷ்யூர் ஆன்ட்டி. பட் ப்ளீஸ், ஐ ஆம் நாட் அ போஸ்டர். ஐ லைக் பீப்பிள் டூ."

நான் போஸ்டர் இல்லை, எனக்கு மனுஷங்களையும் பிடிக்கும் என்கிறாள். சரி. எனவே, நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அவள் பள்ளிக்கூட கிளப்பின் வேலை கடைகளில் லேபிள் பார்ப்பது. கலிபோர்னியாவில் புது ரோம ஆடை விற்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. ஆனால் வேறு மாநிலத்திலிருந்து வருவதில் 'செயற்கை' என்று லேபிள் ஒட்டியிருக்கும், உள்ளே நிஜ ரோமம் இருக்கும். கூண்டில் வளர்த்த பிராணியின் தோல் சில சமயம் நல்ல பிளாஸ்டிக்கைவிட மலிவாம். 'லேபிளில் உண்மையை எழுது' என்பதுதான் அவர்கள் கோஷம். அதற்கு ஒரு பரிசோதனை உண்டு. இரண்டு முடியைப் பிடுங்கி நெருப்பில் காட்ட வேண்டும். நம் தலைமுடி பொசுங்கும் நாற்றம் வந்தால் நிஜம். உருகிக் குண்டுமணியாகத் திரண்டு பிளாஸ்டிக் நாற்றம் அடித்தால் போலி.

போன டிசம்பரில், டாஹோ பனிமலைக்குப் போகும்போது அம்மா போட்டுக்கொள்ளும் ஜாக்கெட்டில் அதைச் செய்து பார்த்தாள். நியூ ஜெர்சி எடிசனில் சந்தானத்தின் தம்பி வீட்டுக்குப் போனபோது அங்கே தள்ளுபடியில் வாங்கிய ஜாக்கெட். தொப்பியைச் சுற்றிப் புசுபுசுவென்று ரோமம். லேபிளில் 'செயற்கை' என்றுதான் இருந்தது.

தலைமுடி பொசுங்கும் நாற்றம்தான் வந்தது.

மீனாக்ஷி யாரென்று உங்களுக்குத் தெரியாது. கேக்கில் முட்டை இருக்குமோ என்று பிறந்தநாள் வீட்டில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவள். சாக்லேட் கவரைப் படிப்பதற்கென்றே கண்ணாடி வைத்திருக்கிறவள். அவள் மூன்று குளிர்காலமாக ஏதோ ஒரு நாய்ச்சாதிப் பிராணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, அதோடு கோவிலுக்கும் போய்வந்திருக்கிறாள். "ஐயையோ, சிவசிவா!" என்று கத்திக்கொண்டே மாடிக்கு ஓடித் தலைக்குக் குளித்தாள். ஹீட்டரில் வெந்நீர் தீரும்வரை குளித்தாள். வெளியே வந்து, ஈரத்தலையோடு, "அது என்ன பாவம் பண்ணித்துடி?" என்று அழுதாள். அனன்யா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ஜாக்கெட்டைப் பின்கட்டில் மண்ணைத் தோண்டிப் புதைத்தார்கள்.

[கலிபோர்னியா வீட்டுக்குப் 'பின்கட்டு' பொருந்தாது. 'பேக்யார்ட்' என்றே போடலாம். எலுமிச்சை மரத்தடியில். – பி.தி.]

4

இப்போது சண்டைக்கு வருகிறேன். பத்ரிக்குப் பூணூல் போட நாள் பார்த்தார்கள். பத்ரி அனன்யாவின் தம்பி. தூங்கும்போதுகூட அக்காவின் பழைய ஹூடியைத்தான் போட்டுக்கொள்வான்.

எனக்கு இந்தச் சடங்கெல்லாம் தெரியாது, மீனாக்ஷி சொல்லித்தான் தெரியும். பூணூலில் சின்னதாக ஒரு மான்தோல் துண்டைக் கோத்துக் கட்டுவார்களாம். தபால்தலை அளவுதான் இருக்குமாம். சந்தானத்தின் அண்ணா ஜம்புநாதன் சென்னையில் ஒரு பூஜை சாமான் கடையில் அதைச் சொல்லிவைத்து வாங்கி, அப்பளக் கட்டுக்கு நடுவில் வைத்து, இங்கே வருகிற யாரிடமோ கொடுத்தனுப்பிவிட்டார். சந்தானம் அதைப் பூஜை ஷெல்ஃபில் ஒரு வெள்ளிச் சிமிழில் வைத்தார்.

[பித்தளைச் சிமிழ். – பி.தி.]

அனன்யா சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தாள். இந்தியாவில் மானைக் கொல்வது குற்றம், அதன் தோலை விற்பது குற்றம், அதை இங்கே கொண்டுவருவது இன்னொரு குற்றம் என்று அடுக்கினாள்.

"தானா செத்துப்போன மானாம், கடைக்காரன் சொன்னானாம்," என்றார் சந்தானம்.

"அப்பா! எவ்ரி செல்லர் சேஸ் தட்!"

"நீ போட்டுண்டு இருக்கியே ஃப்ளீஸ் ஸ்வெட்டர், அது என்ன? பெட்ரோல்லேந்து வந்த பிளாஸ்டிக். ஒவ்வொரு தடவை வாஷ் பண்றச்சேயும் தூள் தூளா கடலுக்குப் போறது. மீன் அதைத் தின்னுட்டு சாகறது. அது மட்டும் கொலை இல்லையா?"

"ஸோ பிளாஸ்டிக் இஸ் பேட், லெட்ஸ் கில் அ டியர்?"

(நியாயமாகச் சொன்னால், இந்த இடத்தில் இரண்டு பேர் பக்கமும் எனக்குச் சாய்வு உண்டு. போலி ரோமம் குப்பைமேட்டில் நூறு வருஷம் கிடக்கும், நிஜ ரோமம் மட்கிப்போகும். ஆனால் மட்கிப்போகும் என்பதற்காக ஒன்றைக் கூண்டில் போட்டு வளர்க்கலாமா? நாமே மட்கிப்போகிறவர்கள்தானே. இதை ஒரு தனிப் பகுதியாக எழுதி, முகிலன் கொட்டாவி விட்டதால் இந்த அடைப்புக்குள் சுருக்கிவிட்டேன்.)

மீனாக்ஷி நடுவில் புகுந்தாள். பூணூல் போட்டுவைக்கிற வாத்தியாரே 'இருந்தா சிலாக்கியம், இல்லேன்னா தர்ப்பையாலயே பாத்துக்கலாம்' என்று சொல்லிவிட்டாரே, பேசாமல் விட்டுவிடலாமே என்றாள். சந்தானம் தட்டைத் தள்ளிவைத்தார்.

"மாவிலைத் தோரணம் பிளாஸ்டிக். கார்த்திகைக்கு பேட்டரி விளக்கு. வாழைமரத்தை பேனர்ல பிரிண்ட் பண்ணிக் கட்டறோம். எல்லாத்துக்கும் ஒரு சப்ஸ்டிட்யூட். என் பிள்ளைக்கு ஒண்ணாவது ஒரிஜினலா இருக்கட்டுமே, மீனா."

அனன்யா எழுந்தாள். அந்தத் தோல் பத்ரியின் மேல் இருந்தால் நான் கீழே இறங்கி வரமாட்டேன், பிக்ஷையும் போடமாட்டேன் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனாள். பிக்ஷை என்றால், பூணூல் போட்டுக்கொண்ட பையன் கையில் பாத்திரத்தோடு நிற்பான், வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக அரிசி போடுவார்கள். அம்மா முதலில், பிறகு மற்றவர்கள். பத்ரி சோற்றைப் பிசைந்துகொண்டே அம்மாவிடம் கேட்டான்: "ஷி வில் கிவ் மீ ரைஸ், ரைட்?"

அன்றிலிருந்து அப்பாவும் பெண்ணும் பேசிக்கொள்ளவில்லை. ஒருவர் சமையலறைக்கு வந்தால் மற்றவர் கராஜுக்குப் போனார். பத்ரி மட்டும் தினமும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

5

பூணூலுக்கு இரண்டு நாள் இருக்கையில், மத்தியானம், மீனாக்ஷி சமையலறைக்கு வந்தால், அனன்யா சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். சந்தானம் மாடியில் மீட்டிங்கில்.

"தூக்கிப் போடப்போறியா?" என்றாள் மீனாக்ஷி. குரலை ஏற்றவில்லை.

"நோ. ஐ ஜஸ்ட் வான்ட் டு நோ ஹூ இட் இஸ்."

இது என்ன என்று கேட்கவில்லை, இது யார் என்று கேட்டாள். மீனாக்ஷிக்கு ஜாக்கெட் ஞாபகம் வந்தது. (இங்கே அவள் மனதில் ஓடியதை அரைப்பக்கம் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது, என்ன செய்தாள் என்றுதான் தெரியும்.) அவளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அவளே இடுக்கியை எடுத்துக் கொடுத்தாள். "சீக்கிரம் பாரு," என்றாள். பாவம் என்றால் அதில் தனக்கும் பங்கு இருக்கட்டும் என்று நினைத்திருப்பாளோ என்னவோ.

அனன்யா ஒரு சின்னக் கொத்தைப் பிடுங்கி நெருப்பில் காட்டினாள். இருவரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

பொசுங்கவில்லை. சுருண்டு, உருகி, இடுக்கியின் நுனியில் கறுப்பாக ஒரு மணி திரண்டது. சமையலறை முழுக்கப் பிளாஸ்டிக் நாற்றம்.

துண்டைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் தோல் இல்லை, நெய்த துணி. பொம்மைக்கரடி தைக்கிற துணி, அதில் மான் புள்ளி அச்சடித்திருந்தது.

"அம்மா! இட்ஸ் ஃபேக்! இட்ஸ் டோட்டலி ஃபேக்!"

ஜம்புநாதன் பெரியப்பா சொல்லிவைத்து வாங்கிய ஒரிஜினல்! மீனாக்ஷி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாடா என்றாள். அதற்கப்புறம் சிரிப்பு. அனன்யாவும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாள். ஒரு மானும் சாகவில்லை. போலி என்று வாங்கிய ஜாக்கெட் நிஜம், நிஜம் என்று வாங்கிய மான்தோல் போலி.

சிரித்து ஓய்ந்ததும் மீனாக்ஷி, "இரு, அப்பாவைக் கூப்பிடறேன். நன்னா வேணும் அவருக்கு," என்று எழுந்தாள். அனன்யா அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"நோ, அம்மா. டோன்ட் டெல் அப்பா."

"ஏன்டி? உனக்குத்தானே ஜெயம்?"

"ஹி வான்டட் ஒன் ரியல் திங்."

ஊரிலிருக்கிற கடைக்காரனையெல்லாம் லேபிளில் உண்மையை எழுது என்று மிரட்டுகிற பெண். பொய் லேபிளைத் தானே சிமிழில் மூடி, ஷெல்ஃபில் பழையபடி வைத்தாள். நான் சந்தேகப்பட்ட பாத்திரம் இந்த இடத்தில்தான் எனக்குப் பிடிபட்டாள்.

(இங்கே பிழை திருத்துபவரின் நீளமான குறிப்பு ஒன்று இருந்தது. அதை மட்டும் கடைசிக்கு மாற்றியிருக்கிறேன்.)

 ஜாக்கெட்டும் மான்தோலும் இப்படித் தலைகீழானது கதைக்கென்று செய்தது போல இருக்கிறது, எனக்கே தெரிகிறது. இரண்டில் ஒன்றை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். நடந்ததை நான் ஏன் எடுக்க வேண்டும்?

6

பூணூல் அன்று நானும் முகிலனும் போயிருந்தோம். ஹோமப் புகைக்கு அலாரம் அலறாமல் இருக்கக் கூரையில் இருந்த ஒவ்வொரு அலாரத்துக்கும் ஷவர் கேப் மாட்டியிருந்தார்கள். கோபாலசாமி வாத்தியார் டெஸ்லாவில் வந்து இறங்கினார். சிமிழைத் திறந்து, துண்டை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு வினாடி நிறுத்தினார். பிறகு மந்திரத்தைத் தொடர்ந்தபடி கோத்துக் கட்டினார். அவர் என்ன கண்டுபிடித்தார் என்று நான் சொல்லப்போவதில்லை.

பத்ரி மொட்டைத்தலையும் வேட்டியுமாகப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். மீனாக்ஷி போட்டாள். அத்தை போட்டாள். பத்ரி மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அனன்யா இறங்கி வந்தாள், பாவாடை தாவணியில். இரண்டு கையும் நிறைய அரிசியை அள்ளிப் போட்டாள். பாதி வெளியே சிந்தியது. பத்ரி வாத்தியார் சொல்லிக்கொடுத்த சமஸ்கிருதத்தை மறந்து, "தாங்க்ஸ் அக்கா," என்றான். எல்லாரும் சிரித்தோம். சந்தானம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். புகை என்றார்.

[புகைதான். – பி.தி.]

7

இங்கே நிறுத்தியிருக்கலாம். மூன்று முடிவுகள் எழுதிவைத்திருந்தேன்.

ஒன்று: சந்தானம் சாகும்வரை அறியாமல், வருகிறவர்களுக்கெல்லாம் சிமிழைத் திறந்து 'ஒரிஜினல்' என்று காட்டுகிறார். இதில் அவர் அசடாகிறார். எனக்கு மனசு வரவில்லை.

இரண்டு: அனன்யா ஒருநாள் உண்மையைச் சொல்லிவிடுகிறாள், அப்பா அவளை

வேண்டாம்.

மூன்று: ஜம்புநாதன் சென்னையில் அந்தக் கடைக்குச் சண்டைக்குப் போகிறார். கடைக்காரர், 'சார், நிஜத்தை வித்தா என்னை உள்ள தள்ளிடுவாங்க, உங்க யாருக்கும் இது தெரியாதா?' என்கிறார். இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நடக்கவில்லை.

மூன்றையும் ஒதுக்கிவிட்டு, பூணூலோடு முடித்து அனுப்பிவிட்டேன். தைரியமாக அனுப்பியதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் மலருக்கு வருஷாவருஷம் பிழை திருத்துகிறவர் சந்தானம். இந்தத் தடவை ஆபீஸ் வேலை என்று விலகிவிட்டார், மலர்க்குழுவில் இருக்கும் கௌசிக் பார்ப்பார் என்றார்கள். தான் திருத்தாத மலரைச் சந்தானம் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார். மீனாக்ஷி என்னை எழுதச் சொன்னதும் அந்த நம்பிக்கையில்தான்.

கௌசிக் திடீரென்று ஊருக்குக் கிளம்பிவிட்டார். கிளம்பும்போது எல்லாக் கோப்புகளையும் சந்தானத்துக்கு அனுப்பிவிட்டார்.

எனக்குத் தெரிந்தபோது மூன்று நாள் ஆகியிருந்தது. பெயரை மாற்றி என்ன பிரயோஜனம்? ஷவர் கேப்பும் மான்தோலும் வேறு யார் வீட்டில்? முகிலன், "போச்சு போ, இனி அந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பாக்க முடியாது," என்றார். மீனாக்ஷிக்குப் போன் செய்யத் தைரியம் இல்லை. ஒட்டிக்கொண்ட குடும்பத்தை என் கதை பிய்த்துப்போடப்போகிறது என்று சாப்பாடு இறங்காமல் கிடந்தேன்.

நாலாம் நாள் கோப்பு திரும்பி வந்தது. நீங்கள் இதுவரை பார்த்த குறிப்புகளோடு. ஐந்தாம் பகுதியில் இருந்த நீளமான குறிப்பு இது:

8

[அன்று காபிக்காகக் கீழே இறங்கினேன். பாதிப் படியிலேயே பிளாஸ்டிக் உருகிய வாசனை. எட்டிப் பார்த்தால் அம்மாவும் பெண்ணும் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் சிமிழ். 'டோன்ட் டெல் அப்பா' என்பதும் அதற்கு அவள் சொன்ன காரணமும் காதில் விழுந்தன. அதற்குமேல் நான் எப்படி இறங்குவது? சத்தம் போடாமல் மேலே போய்விட்டேன். அன்று காபி குடிக்கவில்லை. வேண்டுமானால் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். மற்றபடி பிழை அதிகம் இல்லை. – பி.தி.]

அப்பாடா! எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்கில்லை. உடனே அவருக்குப் போன் செய்தேன்.

"சார், தெரிஞ்சும் அதையேவா கட்டவெச்சீங்க?"

"பின்ன? எத்தனை நாளா என் மூஞ்சியைப் பாக்காம இருந்தா! அன்னிக்கு சிரிக்கறா. நான் போய் கெடுக்கணுமா, ராமு?"

"ஒரிஜினல்தான் வேணும்னீங்களே?"

"அவ அரிசி போட்டதைப் பாத்தேள் இல்லையோ?" என்றார். பிறகு ஆறாம் பகுதியில் எங்கோ ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ஆக, அப்பாவுக்குத் தெரியாது என்று பெண் நினைத்துக்கொண்டிருக்கிறாள். பெண்ணுக்காகத் தெரியாதது போல அப்பா இருக்கிறார். மலர் வந்ததும் மீனாக்ஷி படித்துவிடுவாள், அவளைப் பற்றிக் கவலையில்லை, அவள் சிரிக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டாள். அனன்யாவுக்குத் தமிழ் படிக்க வராது. யாராவது வாசித்தால் நன்றாகப் புரியும்.

பொங்கல் விழாவில் இந்த மலரைக் கையில் கொடுப்பார்கள். புளியோதரை வரிசையில் நீங்கள் இதைப் புரட்டிக்கொண்டு நிற்கும்போது, பின்னாலிருந்து ஒரு பெண், மொட்டைத்தலையில் முடி முளைத்துக்கொண்டிருக்கும் தம்பியோடு, "ராமு ஆன்ட்டி ரோட் அபவுட் மீ. வாட் டஸ் இட் சே?" என்று கேட்கக்கூடும்.

ஐந்தாம் பகுதியோடு நிறுத்திக்கொள்வீர்களோ, எட்டாம் பகுதியையும் வாசிப்பீர்களோ, அது உங்கள் பாடு. நான் எழுதியதோடு சரி. வாசிப்பதாக இருந்தால் கொஞ்சம் சத்தமாக வாசியுங்கள். அவள் அப்பா அதே வரிசையில் நாலு பேர் தள்ளித்தான் நிற்பார்.